மகளின் கையெழுத்து: ஒரு புதிய விசுவாசியின் முதல் இரண்டு வருடங்கள்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற சாலையில் இறங்கி, கண்மாய்க் கரையோடு உள்ளே நடந்தால் வருகிற ஊர் எங்களுடையது. சபை சின்னது. ஞாயிறு ஆராதனைக்கு நூறு பேர் வந்துவிட்டால் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட வேண்டியிருக்கும். புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களுக்கான வகுப்பை இங்கே சில வருடங்களாக நான் நடத்துகிறேன். வார நாட்களில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. அதனால் சபையிலும் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

இதை எழுதச் சொன்னது எங்கள் போதகர். சுற்று வட்டாரச் சபைகளிலும் இதுபோன்ற வகுப்பு நடக்கிறது. ஞானஸ்நானம் எடுத்தவர்கள் ஒரு வருடத்துக்குள் கண்ணில் படாமல் போகிற கதையும் அங்கேயெல்லாம் உண்டு. "ஒரே ஒருத்தர் கதையை முழுசா எழுதுங்க டீச்சர். மத்தது தானா விளங்கும்" என்றார் ஐயா. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எடுக்கச் சொன்ன இரண்டு இடங்களை எடுத்துவிட்டேன். அவர் பெயர் இங்கே வராது. பூக்கட்டிப் பிழைக்கிறவர் என்பதால் பூக்கார அக்கா என்றே எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயது இளையவர்தான். ஊர்ப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அதுவே வாயில் வருகிறது.

வந்த வழி

அவருடைய அம்மா மதுரை பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் தன் தங்கச்சிக்குத் துணையாக இருந்தவர் எங்கள் சபைப் பெரியம்மா ஒருவர். ஒரு தூக்குச்சட்டி ரசம் சாதம் இரண்டு கட்டிலுக்கும் போனது. ராத்திரியில் பெரியம்மா தன் தங்கச்சிக்காக ஜெபிக்கும்போது பக்கத்துக் கட்டில் அம்மாவையும் சேர்த்துக்கொள்வார். மூன்றாவது வாரம் அந்த அம்மா இறந்துபோனார். சுகம் கிடைத்து நம்பிக்கைக்கு வந்த கதை இல்லை இது. அம்மா போன பிறகும் அந்த ஜெபம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது என்று பூக்கார அக்கா சொல்வார். கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து, யாரும் கூப்பிடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

கணவர் வரவில்லை. வாடகை வண்டியில் சுமை ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. தடுக்கவும் இல்லை. மாமியார் கூடவே இருக்கிறார். ஒரு மகள், ஒரு மகன்.

வகுப்பில் நடந்தது

மார்கழியில் வகுப்பு தொடங்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், 12 பாடங்கள், ஆறு பேர். இரட்சிப்பு, ஜெபம், வேத வாசிப்பு, ஞானஸ்நானம், காணிக்கை, சாட்சி என்று வரிசையாகப் போகும் புத்தகம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். அடுத்த வாரம் நோட்டை வாங்கித் திருத்திக் கொடுப்பேன். வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்போம்.

பூக்கார அக்கா வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். தன் முறை வருகிற நேரத்தில் இருமல் வரும், அல்லது பையனைப் பார்க்க வெளியே போவார். "கண்ணாடி கொண்டாரல டீச்சர், நீங்களே வாசிச்சுருங்க" என்பார். கண்ணாடியே இல்லையோ என்று நினைத்து, திருமங்கலத்தில் நடந்த இலவசக் கண் முகாமுக்கு நானே கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது "கண்ணு நல்லா இருக்காம் டீச்சர்" என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண் நன்றாக இருந்தால் ஏன் வாசிக்கவில்லை என்ற அடுத்த கேள்வி எனக்கு வரவே இல்லை. இருபது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த பஸ் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

ஆனால் நோட்டு மட்டும் ஒரு வாரமும் தவறாது. எல்லாக் கோட்டிலும் சரியான பதில் இருக்கும். ஆறு பேரில் சுத்தமான நோட்டு அவருடையதுதான் என்று ஐயாவிடம் சொன்னேன். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில் ஞானஸ்நானம். தண்ணீரிலிருந்து எழுந்தபோது அவர் அழுததைப் பார்த்துக் கரையில் நின்ற எல்லோரும் அழுதோம்.

பெயருக்கு எதிரே நான் எழுதியது

ஆடி மாதம் அவர் வருவது நின்றது. முதலில் வெள்ளிக்கிழமை, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு முறை ஆள் அனுப்பினோம். "முகூர்த்த சீசன் இல்லையா, ஆவணிக்கு இப்பவே ஆர்டர் வந்துருச்சு" என்று பதில் வந்தது. வருகைப் பதிவில் அவர் பெயருக்கு எதிரே "பின்மாற்றம்" என்று எழுதினேன், விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார் என்று அர்த்தம். சிவப்பு மையில்.

சபைக் கமிட்டியில் பேச்சு எழுந்தது. குலசாமியை விட முடியவில்லை என்றார் ஒருவர். வீட்டுக்காரர் இழுத்துவிட்டார் என்றார் இன்னொருவர். கோயிலுக்குப் போகிற பூவைக் கட்டிக்கொண்டே எப்படி நிலைத்திருக்க முடியும் என்று மூன்றாமவர் கேட்டார். யாரும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. ஒவ்வொருவரிடமும் முன்பே ஒரு பதில் இருந்தது. என்னிடமும் இருந்தது.

ழகரத்தின் வால்

காலாண்டுத் தேர்வுத் தாள்களை வீட்டில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பு, தமிழ். ஒரு தாளில் 'ழ' எழுதியிருந்த விதம் கண்ணைப் பிடித்தது. வாலை அப்படியே கீழே இழுத்து, அடுத்த வரியின் தலையில் இடிக்கிற வரைக்கும் கொண்டுபோய் ஒரு சுழி. இதை எங்கேயோ திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. தாளின் மேலே பெயரைப் பார்த்தேன். பூக்கார அக்காவின் மகள்.

எழுந்து போய் பீரோவிலிருந்து அவருடைய வகுப்பு நோட்டை எடுத்தேன். முதல் பாடத்திலிருந்து பன்னிரண்டாம் பாடம் வரை அதே ழகரம். "வாழ்வு", "விழிப்பு", "முழு இருதயத்தோடு". ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என் சிவப்பு மை டிக். இரண்டு பக்கத்தில் "மிக நன்று" என்று வேறு எழுதியிருந்தேன். அந்த நோட்டில் பூக்கார அக்கா எழுதிய ஒரு எழுத்துகூட இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். முறத்தில் மல்லிகை மொட்டு, பக்கத்தில் தண்ணீர்ச் சட்டியில் ஊறுகிற வாழைநார். தலையை நிமிர்த்தாமலே, "நோட்டு விஷயமா டீச்சர்?" என்றார். நான் இன்னும் உட்காரவில்லை.

"அஞ்சாப்போட நின்னுட்டேன். எழுத்தக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். பஸ்சு போர்டு, ரேசன் கார்டு எல்லாம் தெரியும். அந்த பைபிள் தமிழுதான் கண்ணுல நிக்க மாட்டேங்குது. ஒரு வார்த்தையே ஒரு வரி நீளத்துக்கு இருக்கு. நீங்க பெண்கள் ஐக்கியத்துல எம் பேர வேத வாசிப்புக்குப் போட்டீங்க. அம்புட்டுப் பேரு முன்னாடி எப்படி டீச்சர் கூட்டிக் கூட்டி வாசிக்க? அன்னைக்கு வரல. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

அவருடைய விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு அம்மாவுக்குப் பெரியம்மா செய்த அந்த ஜெபத்தை அப்படியே சொல்லிவிட்டுத்தான் படுக்கிறார். ஞானஸ்நானம் ஆன ஏழாம் மாதத்தில் அவருக்குத் தெரிந்திருந்த ஒரே ஜெபம் அதுதான். ஆறு பேர் வகுப்பில் வைத்து நான் நடத்திய ஜெபப் பாடம் அவர் வாய்க்குப் போய்ச் சேரவே இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மதுரை மிஷன் காலத்தில் வேதாகமப் பெண்கள் என்று இருந்தார்கள். 1834-இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் வளர்ந்தபோது, அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு முதலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, அப்படியே வேதத்தையும் வாசிக்க வைத்தார்கள். பெண்கள் வாசிக்கத் தெரியாதவர்கள் என்று தெரிந்தே அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். நாங்களோ எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும் என்று நினைத்துப் புத்தகத்தை அச்சடித்துவிட்டோம். எழுதப் படிக்கத் தெரியும் என்று கணக்கெடுப்பில் சொல்கிறவருக்கும், சபை நடுவே நின்று நிருபத்தை வாசிக்கிறவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

பெரியம்மா செய்தது

நடந்ததைப் பெரியம்மாவிடம் சொன்னேன். பால்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் தொண்டராக அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். சபையில் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. வாரம் தவறாமல் தரை துடைப்பார், அவ்வளவுதான். கேட்டுவிட்டு, "அவளை எங்கிட்ட விடு தாயி. நோட்டு கீட்டு வேண்டாம்" என்றார்.

அடுத்த எட்டு மாதம் நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இந்த ஆய்வில் உருப்படியான பகுதி என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

மல்லிகை மொட்டை விடிகாலையில் பறிப்பார்கள். சந்தைக்குப் போய் வந்து, கட்டுகிறவர் கைக்கு வர மத்தியானம் ஆகிவிடும். சாயங்காலம் மொட்டு விரிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரமும் அக்கா எங்கேயும் எழுந்து போக முடியாது. பெரியம்மா அந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டார். பெரியம்மாவும் ஒரு நாரை எடுத்துக் கட்ட உட்கார்ந்துவிடுவார். என்னுடைய வகுப்பு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு. மறுநாள் முகூர்த்தம் என்றால் அந்த நேரத்தில்தான் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இதையும் நான் கேட்டதில்லை.

வாசிப்பைச் சங்கீதம் 23-இல் தொடங்கினார். திண்ணையில் சாக்பீஸால் ஒரு வரி, பெரிய எழுத்தில். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்." அந்த நீள வார்த்தையில் அக்காவின் விரல் நின்றுவிட்டது. பெரியம்மா அதை மேய்ப்பர், ஆய், இருக்கிறார் என்று மூன்றாக உடைத்து எழுதினார். "பூவ ஒரே அள்ளா அள்ளி வச்சா கட்டுறே? இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு வச்சுத்தானே முடிச்சுப் போடுறே? எழுத்தையும் அப்படி வையி" என்றார். நான் பயிற்சிக் கல்லூரியில் படித்த எந்தப் பாடத்திலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

வாரத்துக்கு ஒரு வரி. ஒரு முழம் கட்டி முடிப்பதற்குள் அதுவரை கற்ற வரிகளைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது முழத்துக்குப் பேச்சு. அந்தப் பேச்சில்தான் எல்லாம் வந்தது: மகன் பொய் சொல்வது, சீட்டுப் பணம் எடுத்தவர் ஓடிப்போனது, மாமியார் போன வாரம் சொன்ன ஒரு சொல், மன்னிப்பது என்றால் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போக வேண்டுமா என்கிற கேள்வி. பெரியம்மா பல கேள்விக்குப் பதில் சொல்லவே மாட்டார். "அதைக் கேட்டுப் பாப்போம்" என்று சொல்லி, கட்டுகிற கையை நிறுத்தாமல், கண்ணை மூடாமல் ஜெபிப்பார். "ஆண்டவரே, இவ மகன் பொய் சொல்றான். நானும் சின்னப் பிள்ளையில சொன்னேன். நீரு என்னைத் திருத்தின மாதிரி அவனையும் திருத்தும். அடிக்காம திருத்த இவளுக்குப் பொறுமை குடும்."

இதைக் கேட்டபோதுதான் பூக்கார அக்காவுக்கு ஜெபம் என்றால் என்னவென்று தெரிந்ததாம். மேடையில் நாங்கள் ஜெபிக்கிற தமிழ் வேறு. மகா பரிசுத்தமும் மகத்துவமும் கிருபாசனமுமாக அது ஓடும். அது எனக்குத் தாய்மொழி, ஏனென்றால் நான் அதிலேயே பிறந்து வளர்ந்தவள். புதிதாக வருகிறவருக்கு அது இன்னொரு பாஷை. இரட்சிப்பு, நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாகுதல் என்று வார்த்தைகளை மனப்பாடம் செய்து கோட்டில் நிரப்பலாம். அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு மகன் பொய் சொன்னதை ஆண்டவரிடம் எப்படிச் சொல்வது?

பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்தில் அப்பொல்லோ என்ற பிரசங்கியின் கதை வருகிறது. வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனுக்கு "தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய்" விவரித்தார்கள் என்ற இடத்தைத்தான் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அதற்கு முன்னால் "அவனைச் சேர்த்துக்கொண்டு" என்று இரண்டு சொல் இருக்கிறது. அதன் கீழே என் பைபிளில் கோடு இல்லை. அவர்கள் இருவரும் கூடாரம் தைக்கிற தொழிலாளிகள். தைத்துக்கொண்டேதான் பேசியிருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா அக்காவுக்குப் பணமோ துணியோ கொடுக்கவில்லை. "எவ்வளவு குடுத்தாங்க?" என்று கணவரை டீக்கடையில் கேலி செய்துகொண்டிருந்த நேரம் அது. மாறாக, பெரியம்மாதான் அங்கிருந்து கறிவேப்பிலை வாங்கிப் போவார், ஒரு டம்ளர் பால் கேட்பார், மழைக்காலத்தில் மூட்டுவலி வந்தபோது தைலம் தேய்த்துவிடச் சொன்னார். புதிய விசுவாசி எப்போதும் வாங்குகிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதை அவர் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பூ பற்றிய வழக்கு

கோயிலுக்குப் போகிற பூவைக் கட்டலாமா? அக்காவிடம் ஒரு சகோதரி நேரடியாகவே சொல்லியிருக்கிறார், அந்தத் தொழிலை விட்டால்தான் ஆசீர்வாதம் என்று. இன்னொருவர் தலையில் பூ வைப்பதையும் பொட்டையும் விடச் சொன்னார். அக்கா பொட்டை எடுத்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் மாமியார், "எம்மகன் உசுரோட இருக்கும்போதே ஏன்டி இப்படி நிக்கிற?" என்று அழுதார். அந்த அழுகையை எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. பொட்டு என்பது அந்த வீட்டில் சாமி விஷயமாக இல்லை, கணவனின் ஆயுசு விஷயமாக இருந்தது.

இதே மதுரைப் பக்கத்தில் இந்த வழக்கு 400 வருடம் முன்னாலேயே நடந்திருக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி, தன்னிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம், அவை குலத்தின் அடையாளம், வழிபாடு அல்ல என்றார். கூட இருந்த பாதிரிமாரே எதிர்த்தார்கள். வழக்கு ரோமாபுரி வரை போய், 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அவற்றை அனுமதித்தார். தெ நொபிலி சாதிப் பிரிவையும் அப்படியே சபைக்குள் விட்டுவைத்தார். அதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் எது வழிபாடு, எது வழக்கம் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்த அந்தப் பொறுமை எங்களுக்கு இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

ஐயா இதற்காக ஒரு வெள்ளிக்கிழமை முழுவதையும் ஒதுக்கினார். கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 8, 10 அதிகாரங்கள். விக்கிரகத்துக்குப் படைத்த கறி பற்றி பவுல் சொல்வதை மெதுவாக வாசித்தோம். கடையில் விற்கிற எதையும் கேள்வி கேட்காமல் வாங்கு, பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது. ஆனால் இது படைத்தது என்று ஒருவன் சொன்னால், அவன் மனச்சாட்சியைப் பார். பூக்கார அக்கா கேட்டது எனக்கு மறக்காது: "அப்ப நான் கட்டுற பூ யாரு தலைக்குப் போகுது, எந்தச் சாமிக்குப் போகுதுன்னு வாங்குறவுகதானே பாக்கணும்? மொட்டு ஆண்டவருது." அதோடு அவரே ஒரு முடிவும் எடுத்தார். முழமாகக் கட்டி வியாபாரியிடம் கொடுப்பார். சாமி மாலை என்று கேட்டு வந்தால் ஏற்கமாட்டார். பொட்டை மறுபடி வைத்துக்கொண்டார். கமிட்டியில் இரண்டு பேருக்கு இன்றும் இதில் சம்மதமில்லை. சரி, அவர்களோடும் சேர்ந்துதான் நற்கருணை எடுக்கிறோம்.

மாசி சிவராத்திரி

எங்கள் பக்கத்தில் மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் குலசாமி கோயிலுக்குப் போவார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் இருப்பவர்கள்கூட வந்துவிடுவார்கள். ஞானஸ்நானம் ஆகி முதல் சிவராத்திரி. போகாவிட்டால் கணவர் பங்காளிகள் முன் தலைகுனிய வேண்டும். போனால் சபையில் பேச்சு வரும்.

என்னிடம் கேட்டிருந்தால் "போகாதீங்க" என்றிருப்பேன். அக்கா பெரியம்மாவிடம் கேட்டார். பெரியம்மா நாகமான் கதையைச் சொன்னார். குஷ்டம் நீங்கின சீரியத் தளபதி, இனி கர்த்தரைத் தவிர வேறு யாருக்கும் பலி செலுத்தமாட்டேன் என்று சொல்லி, இரண்டு கோவேறு கழுதைச் சுமை மண்ணைக் கேட்டு வாங்குகிறான். அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்று சொல்கிறான்: என் ராஜா என் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது நானும் பணிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும். அவனைக் குணமாக்கின தீர்க்கதரிசி எலிசா பிரசங்கம் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்கிறான்.

கதையோடு பெரியம்மா நிறுத்திக்கொண்டார். இப்படிச் செய் என்று சொல்லவில்லை. "ஏன் சொல்லல பெரியம்மா?" என்று அப்புறம் கேட்டேன். "அவ வீட்டுல நானா டீச்சர் குடித்தனம் பண்ணுறேன்?" என்றார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு பூக்கார அக்கா மாமியாரிடம் போய், "அத்தை, நான் வாரேன். பிள்ளைகளைப் பாத்துக்கிறேன், சோறாக்குறேன். சாமி முன்னாடி மட்டும் நிக்கமாட்டேன். விபூதி பூசமாட்டேன். உங்க மனசு நோகும்னு தெரியும், அதான் முன்னாடியே சொல்றேன்" என்றார். மாமியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கும்புடாட்டிப் போ. நாப்பது பேருக்கு ஆக்கணும், நீயில்லாம யாரு ஆக்குவா?" என்றார்.

வேன் ஏறிப் போனார், சமைத்தார், எல்லோரும் சாமி கும்பிட்டபோது அடுப்படியில் நின்று சங்கீதம் 23-ஐ ஆறு வசனமும் வாய்க்குள் சொன்னார். கைப்பிள்ளைகள் அவரிடம்தான் இருந்தன. எல்லோருக்கும் இதுதான் வழி என்று நான் சொல்லவரவில்லை. போக மறுத்து, அடி வாங்கி, நிலைத்தவர்களும் எங்கள் சபையில் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த முடிவு அக்காவே ஜெபித்து எடுத்தது. நான் சொல்லி அவர் கேட்டிருந்தால், அடுத்த சிக்கலுக்கும் என்னைத் தேடித்தான் வந்திருப்பார்.

டிரைவர் தம்பி

அதே வகுப்பில் இருந்த இன்னொருவரையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். டிப்ளமா படித்தவர், கால் டாக்ஸி ஓட்டுகிறார். வேகமாக வாசிப்பார், நன்றாகப் பேசுவார். ஞானஸ்நானமாகி மூன்றாம் வாரமே அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்தோம். பக்கத்துச் சபைகளும் கூப்பிட்டன. பவுல் தீமோத்தேயுவுக்குக் கண்காணியைப் பற்றி, அதாவது சபையை மேற்பார்க்கிறவரைப் பற்றி, சொல்லும்போது நூதன சீஷனாயிருக்கக் கூடாது, புதிதாக விசுவாசத்துக்கு வந்தவராக இருக்கக் கூடாது என்கிறார். மைக்குக்கும் அது பொருந்தும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஆறு மாதத்தில் சாட்சியில் இல்லாததெல்லாம் சேர ஆரம்பித்தது. அது வெளியே தெரிந்த நாளோடு அவர் ஊரையே விட்டுப் போய்விட்டார்.

அவர் ஞானஸ்நானத்துக்கு முன்பு ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "என் சாதிச் சான்றிதழ் என்ன ஆகும் டீச்சர்?" கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக் கடந்துவிட்டோம். அது தப்பு. 1950-ஆம் வருட ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை முதலில் இந்துக்களுக்கு என்றிருந்து, 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் வந்தது. கிறிஸ்தவர்களுக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் அப்படி மாறினவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இதை ஞானஸ்நானத்துக்கு முன்பே, முழுசாக, ஆளை உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். செலவைக் கணக்குப் பார்க்காமல் கோபுரம் கட்டத் தொடங்கினவனைப் பற்றி ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

வகுப்பில் மாற்றியவை

12 பாடம் இன்னும் இருக்கிறது. அதை இப்போது ஞானஸ்நானத்துக்குப் பிறகு நடத்துகிறோம். வசனத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கிறோம். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு போனில் ஒலி வேதாகமம் போட்டுக் கொடுக்கிறோம், எழுத்துக் கற்க ஆசைப்பட்டால் பெரியம்மா இருக்கிறார். கோடிட்ட இடங்களை எடுத்துவிட்டேன்.

வருகைப் பதிவேட்டில் ஒரு பத்தியை மாற்றினேன். முன்பு "முடித்த பாடம்" என்று இருந்தது. இப்போது "இந்த மாதம் யார் வீட்டில் சாப்பிட்டார்" என்று இருக்கிறது. முதல் மாதம் அந்தப் பத்தி ஏறக்குறையக் காலியாகக் கிடந்தது. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். சில வீடுகளுக்கு சிலரைக் கூப்பிடமாட்டார்கள், சிலர் வீட்டுச் சோற்றைச் சிலர் தொடமாட்டார்கள். சபைக்குள் சாதி இல்லை என்று பிரசங்கம் கேட்டுக்கொண்டே இருந்த நாங்கள், அந்தக் காலிப் பத்தியைப் பார்த்துத் தலைகுனிந்தோம். ஐயா வீட்டில்தான் முதல் சாப்பாடு நடந்தது. இப்போது பத்தி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. நிரம்பாத வீடுகளும் இருக்கின்றன.

ஆதிச் சபையில் ஞானஸ்நானத்துக்கு முன் மூன்று வருடம் கற்க வேண்டும் என்று ஒரு பழைய சபை ஒழுங்கு சொல்கிறது. ஒருவர் ஊக்கமாக இருந்தால் காலத்தைப் பார்க்காதே, நடத்தையைப் பார் என்றும் அதிலேயே இருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, விதவைகளை மதித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா என்று கேட்க வேண்டுமாம். பாடம் ஒப்பித்தாரா என்று அங்கே இல்லை. ஐயா இதைக் கமிட்டியில் வாசித்தபோது பெரியம்மா வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு

பூக்கார அக்கா ஞாயிறு தவறாமல் வருகிறார். பெண்கள் ஐக்கியத்தில் போன மாதம் சங்கீதம் 121-ஐ வாசித்தார், கூட்டிக் கூட்டித்தான். "ஒத்தாசை" என்ற சொல்லில் நின்று, முடிச்சுப் போட்டுவிட்டு மேலே போனார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பழைய நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். மகள் அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பழகுகிறாள். மாமியாருக்கும் அவருக்கும் வாரத்துக்கு ஒரு சண்டை உண்டு, அது முன்பும் இருந்ததுதான்.

கணவர் உள்ளே வருவதில்லை. ஆராதனை முடிகிற நேரத்துக்கு டிவிஎஸ் எக்ஸெல்லைக் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில் நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார். சில வாரம் முடிவதற்கு அரைமணி முன்னாலேயே வந்துவிடுகிறார். அங்கிருந்து பிரசங்கம் கேட்கும். உள்ளே வாங்க என்று யாரும் போய்க் கையைப் பிடிக்கக் கூடாது என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு டம்ளர் டீ மட்டும் போகும். போன ஞாயிறு அந்த டம்ளரை அவரே கழுவி, வாசல்படி வரைக்கும் வந்து வைத்துவிட்டுப் போனார்.